வெள்ளை வெற்றிடமல்ல: நகைப் படங்களின் பின்னணி குறித்து

நகைக்கடை விளம்பரப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆரம் ஒன்று அந்தரத்தில் கிடக்கிறது. கழுத்தில்லை, கையில்லை, மேஜையில்லை, நிழல்கூட இல்லை. சுற்றிலும் சுத்தமான வெள்ளை. 'பின்னணியே இல்லாத படம்' என்று இதைச் சொல்கிறோம். நகையை உள்ளபடி காட்ட இதைவிட நேர்மையான வழி உண்டா என்றும் தோன்றும். இதிலே போய் என்ன அரசியலைத் தேடுறீங்க என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் சொல்லவருவது இதுதான்: இந்தப் படங்களில் ஆக அதிகமாக வேலை செய்யப்பட்ட பகுதி அந்த வெள்ளைதான். அதற்கொரு வரலாறு உண்டு. அது நீக்குதலின் வரலாறு.

தொடக்கத்தில் புகைப்படத்துக்கும் தங்கத்துக்கும் ஒத்துப்போகவில்லை. 1851இல் அறிமுகமான கொல்லோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளியைத்தான் நன்றாக உள்வாங்கும். மஞ்சளும் சிவப்பும் அதற்குக் கறுப்பு மாதிரி. வானம் வெளிறிப்போகும், பொன் மங்கிக் கறுத்துப் பதியும். 1873இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்துத் தகட்டின் பார்வையைப் பச்சை வரை நீட்டினார். ஆனாலும் படத்தின்மேல் தூரிகையால் நகைக்குப் பொன்வண்ணம் தீட்டும் பழக்கம் நம்மூர் ஸ்டுடியோக்களில் வெகுகாலம் நீடித்தது. வாடிக்கையாளர் எதைப் பார்க்க விரும்பினாரோ அதுவே படமாயிற்று. 'உள்ளபடி' என்ற சொல்லை இங்கேயே நாம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

பின்னணியை அகற்றும் வேட்கை சந்தையில் மட்டும் பிறந்ததல்ல. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'பீப்பிள் ஆஃப் இந்தியா' என்ற காலனியப் பிரதி, மனிதர்களைச் சாதி, இனம் எனப் பிரித்துப் புகைப்படங்களாக அடுக்கியது. 1869இல் ஜான் லாம்ப்ரி, இரண்டங்குலக் கட்டங்களாகப் பட்டுநூல் கட்டிய சட்டத்தின் முன்னால் உடல்களை நிறுத்திப் படமெடுக்கும் முறையை முன்வைத்தார். அந்த முறைக்கு ஊரும் வீடும் வேண்டாம், அளக்கத்தக்க உடல் போதும். மனிதரைச் சூழலிலிருந்து வெட்டியெடுத்தால் 'மாதிரி' கிடைக்கிறது. நகையை உடலிலிருந்து வெட்டியெடுத்தால் 'சரக்கு' கிடைக்கிறது. இரண்டு வன்முறைகளும் சமம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்வையின் ஒழுங்கு ஒன்றுதான்.

வெள்ளையைச் செய்த கைகளுக்கு வருவோம். கம்ப்யூட்டருக்கு முந்தைய அச்சக பிராசஸ் அறையில், ரீடச்சிங் செய்பவர் விளக்கு மேஜைமேல் நெகட்டிவை வைத்து, நகையின் ஓரத்தை ஒட்டியே மெல்லிய தூரிகையால் 'ஒபேக்' மையைப் பூசுவார். நெகட்டிவில் அடைத்த இடம் அச்சில் வெள்ளையாகும். ஆக, வெள்ளை வேண்டுமென்றால் மை பூச வேண்டும். பிளாக் செய்பவர்கள் பின்னணிப் புள்ளிகளையே வெட்டியெறிந்தார்கள். அங்கே மை ஒட்டாது. நாம் பார்க்கும் வெண்மை வெறுந்தாள்.

ஸ்டுடியோவிலும் இதே முரண். மெருகேற்றிய தங்கம் ஒரு கண்ணாடி. எதிரிலிருக்கும் கேமராவையும் படமெடுப்பவரின் சட்டையையும் அது காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நகையைச் சுற்றி வெள்ளைத் துணியாலோ டிரேசிங் தாளாலோ கூடாரம் கட்டி, வெளியிலிருந்து விளக்குப் போடுகிறார்கள். ஆனால் எல்லாப் பக்கமும் வெள்ளை என்றால் தங்கம் வெளிறி, வளைவு தெரியாமல் தட்டையாகிவிடும். எனவே கூடாரத்துக்குள் கறுப்பு அட்டைத் துண்டுகளைச் சொருகுகிறார்கள். அந்தக் கறுப்பு விளிம்பில் பிரதிபலித்தால்தான் வளையல் உருண்டையாகத் தெரியும். கறுப்பு இல்லேன்னா தங்கம் எடுபடாது. தொழிலின் பாலபாடம் இது.

1990இல் ஃபோட்டோஷாப் வந்தபின் தூரிகையின் இடத்தைப் 'பென் டூல்' பிடித்துக்கொண்டது. வேலை ஒழியவில்லை, கண்காணாத இடத்துக்குப் போனது. படத்தின் ஓரம் வெட்டிப் பின்னணியை நீக்கும் கூலிவேலை டாக்கா போன்ற நகரங்களில் தனித் தொழிலாகவே வளர்ந்தது. பொருளின் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி வேண்டும் என்று அமேசான் விதி செய்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 ஆக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது வெள்ளையல்ல! கலைக்கூடத்தின் வெள்ளைச் சுவர் காலத்தையும் வெளியுலகையும் துடைத்துவிட்டுக் கலைப்பொருளைப் புனிதமாக்குகிறது என்று 1976இல் பிரையன் ஓடோஹர்ட்டி எழுதிக் காட்டினார். இன்று அந்தச் சுவர் மூக்குத்திக்குப் பின்னாலும் எழும்பியிருக்கிறது.

நமக்கென்றும் பின்னணிகள் உண்டு. கடைக்காரர் தங்கத்தை ரோஸ் தாளில் மடித்துத் தருகிறார். அந்த ரோஸில் மஞ்சள் தூக்கலாகத் தெரியும். கல் வைத்த நகையை அடர்நிற வெல்வெட்டில் விரிக்கிறார். நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளின் கெம்புக் கற்கள் சிலைமீதும் ஆடும் உடல்மீதும் பார்ப்பதற்கென்று பதிக்கப்பட்டவை. வெள்ளைத்தாள் இவற்றையெல்லாம் டிசைன் எண்ணாகச் சுருக்கிவிடுகிறது.

அப்படியானால் காணாமல் போவது யார்? உமியோடும் ஊதுகுழலுமாகப் பட்டறையில் குந்தியிருக்கும் பத்தர். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் நகை செய்வதைத் தடுத்தபோது பொற்கொல்லர்கள் பெருந்தொகையாகப் பிழைப்பிழந்தார்கள். தற்கொலைகள் நடந்தன. 1968இல் தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமாகி, 1990இல்தான் நீக்கப்பட்டது. அந்தக் காலத்தின் தடயம் எதுவும் இந்தப் படங்களில் இல்லை. 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமான ஹால்மார்க்கில் தங்கத்தின் தரமும் ஆறு இலக்க அடையாளக் குறியும் உண்டு. செய்தவர் பெயர் கிடையாது. பில்லில் செய்கூலி இருக்கிறது, செய்தவர் இல்லை.

வெள்ளைப் பின்னணியைக் கைவிடுங்கள் என்று யாருக்கும் உபதேசிக்க நான் வரவில்லை. தன் நகையைத் தானே விற்க முயலும் பத்தரும் இன்று இதே வெள்ளையைத்தான் நாட வேண்டியிருக்கிறது. படத்தை வாசிக்கப் பழகுவோம் என்கிறேன். அப்படியொரு படம் கைக்கு வந்தால் தங்க மணியின் வளைவை உற்றுப் பாருங்கள். கறுப்பு அட்டையின் கோடு, கூடாரத்தின் மடிப்பு, சில வேளை லென்ஸின் வட்டம்கூடத் தெரியும். முழுக்கத் துடைத்தால் தங்கமே தங்கமாகத் தெரியாது என்பதால் விட்டுவைக்கப்பட்ட தடயங்கள் அவை. நம் வாசிப்பை அங்கிருந்து தொடங்கலாம்.