கூண்டுக்கு முன்னால் சட்டம்: சிங்கப்பூரில் உயிர்விலங்கு விற்பனையின் வரலாறு

சிங்கப்பூரின் செல்லப்பிராணிக் கடைகள் குறித்த பேச்சு பெரும்பாலும் 2014ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் இந்தத் தீவில் உயிருள்ள விலங்கு சரக்காகக் கைமாறிய வரலாறு அதைவிட மிகப் பழையது. அந்த வரலாறு நெடுக, சட்டம் யாருடைய நலனை முதலில் காத்தது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரமே 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வணிகத்தால் வளர்ந்தது. எருமையைக் குறிக்கும் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வணிகரின் பெயரைத் தாங்கும் பெலிலியோஸ் லேன் ஆகியவை அதற்குச் சான்று. 1930களில் தொழுவங்கள் அங்கிருந்து அகற்றப்பட்டன. நகரின் சுகாதாரமும் இடநெருக்கடியுமே அதற்குக் காரணம். மாடுகள் பட்ட பாடு கணக்கில் வரவில்லை.

அழகுக்காக விலங்கு வாங்கும் வழக்கமும் அதே 19ஆம் நூற்றாண்டில் இருந்ததுதான். இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 1862இல் தாயகம் திரும்பும் வழியில், சிங்கப்பூரில் இரண்டு சொர்க்கப் பறவைகளை 100 பவுண்டுக்கு வாங்கினார். வழிநெடுகக் கரப்பான்பூச்சி தேடிப் பிடித்து ஊட்டி அவற்றை உயிரோடு லண்டன் சேர்த்தார். அங்கே ஒன்று ஓராண்டும் மற்றொன்று ஈராண்டும் வாழ்ந்தன. அவர் அவற்றை அக்கறையோடு பேணினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நியூகினிப் பக்கத்துக் காட்டுப் பறவை சிங்கப்பூர்ச் சந்தைக்கு வந்து சேரும் வரை எத்தனை பறவைகள் வழியில் மாண்டிருக்கும் என்பதை அந்த 100 பவுண்டு சொல்லாது. உயிர்விலங்கு விற்பனையின் அறச்சிக்கல் முழுவதும் இதில் அடங்கியிருப்பதாகவே நான் கருதுகிறேன்: வாங்குபவரின் அன்பு, விலங்கு கடைக்கு வந்த பாதையைத் தொடுவதில்லை.

அடுத்த கட்டத்தின் நாயகர் ஓர் இந்தியர். வில்லியம் லாரன்ஸ் சோமா பசாப்பா முதலில் சிராங்கூன் சாலையிலிருந்த தம் வீட்டிலேயே விலங்குகளை வைத்திருந்தார். பின்னர் பொங்கோலில் விலங்குத் தோட்டம் நடத்தினார். அவர் விலங்கு வணிகரும்கூட. 1930களில் அங்கே சுமார் 200 விலங்குகளும் 2,000 பறவைகளும் இருந்தன. 1942இல் போர் நெருங்கியபோது பிரிட்டிஷ் படை அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. பறவைகள் பறக்கவிடப்பட்டன, விலங்குகள் சுடப்பட்டன.

போருக்குப் பின் வந்த சட்டத்திலும் விலங்கின் நலன் பின்னுக்கே நின்றது. 1965ஆம் ஆண்டின் விலங்குகள், பறவைகள் சட்டத்தின் முகப்புரை நோய்த் தடுப்பில் தொடங்கி அதன் பிறகே வதைத் தடுப்புக்கு வருகிறது. 1986இல் அழிவுநிலை உயிரினங்களுக்கான சைட்டிஸ் உடன்பாட்டில் சிங்கப்பூர் இணைந்ததற்கும் வெளி நெருக்குதல் ஒரு காரணம்: அதே ஆண்டு அமெரிக்கா இங்கிருந்து காட்டுயிர் இறக்குமதியைத் தடை செய்திருந்தது.

2014இல் நாடாளுமன்ற உறுப்பினர் இயோ குவாட் குவாங் முன்மொழிந்த திருத்தம் உண்மையான திருப்பம். தகுந்த உணவும் நீரும் இருப்பிடமும் தருவது வளர்ப்பவரின் கடமையானது. விலங்கு வணிகம் நடத்துவோர் மறுபடியும் வதைக் குற்றம் புரிந்தால் 100,000 வெள்ளி வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். அதற்கு வழிவகுத்த மறுஆய்வுக் குழு, வாங்க வருபவரின் தகுதியை விற்பனைக்கு முன்பே கடைக்காரர் விசாரிக்க வேண்டும் என்றும், செல்லப்பிராணி வாங்க 16 வயது வரம்பு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2019இல் விலங்குநலப் பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்திடம் வந்தது. 2022 ஏப்ரலில் இனப்பெருக்கப் பண்ணைகளுக்கு உரிம விதிகள் கடுமையாயின. 2024 செப்டம்பரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்கவும் அனுமதி கிடைத்தது.

இவை யாவும் நல்லவை. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் நாய்க்குட்டியை வைத்து விற்கலாமா என்ற கேள்வியை இவை எழுப்பவில்லை. விற்பவரின் நலன் விரைவில் விற்றுத் தீர்ப்பதில் இருக்கும்போது, வாங்குபவரின் தகுதியை அவரே மதிப்பிட வேண்டும் என்பது பலவீனமான காப்பு. குட்டி வளர வளர அதன் விலை குறைகிறது. அதனால் விற்பவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது கடினம். இங்கிலாந்து 2020இல் ஆறு மாதத்துக்குட்பட்ட நாய், பூனைக் குட்டிகளை இடைத்தரகர்கள் விற்பதைத் தடை செய்தது. பிரான்சில் 2024 முதல் கடைகளில் நாய், பூனை விற்க முடியாது. சிங்கப்பூரும் அந்த வழியில் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படிச் சென்றாலும் பறவைகள் விடுபட்டுப் போகும். 2015இல் இங்குள்ள 39 கடைகளில் காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் ‘டிராஃபிக்’ அமைப்பின் ஆய்வாளர்கள் 109 இனங்களைச் சேர்ந்த 14,085 பறவைகளைக் கணக்கிட்டார்கள். 2005 முதல் 2014 வரை சைட்டிஸ் பட்டியலில் உள்ள பறவைகள் 225,561 இங்கே இறக்குமதியாயின. இதில் தமிழர்களான நமக்கும் பங்குண்டு. 2010 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது லிட்டில் இந்தியாவின் சோதிடக் கிளி ‘மணி’ உலகப் புகழ் பெற்றது. சீட்டெடுக்கும் கிளிக்குப் பின்னாலும் அதைப் பிடித்தவரும் விற்றவரும் உண்டு. ஒவ்வொரு பறவையும் காட்டில் பிடிபட்டதா, கூண்டில் பொரித்ததா என்பதைக் கடைக்காரர் ஆவணத்தோடு காட்டும்படி உரிம விதி அமைய வேண்டும். அதற்கு முதற்கட்டமாக, கூண்டில் பொரித்ததற்கு அடையாளமான கால்வளையம் இல்லாத பறவையின் விற்பனையை நிறுத்தலாம்.