பழசாகிப் போன நாளைய உலகம்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. புத்தகம் அச்சாகிக் கடைக்குப் போய்விட்டால் அதோடு அவன் பொறுப்பு தீர்ந்தது. அதுவே அவனுக்கு ஒரு சங்கடமும் ஆகும். பத்து வருஷம் கழித்து அதைப் புரட்டிப் பார்க்கும்போது, ஓரிடத்தில் பேச்சு போலியாகத் தோன்றும். இன்னோரிடத்தில் ஒரு பாத்திரத்துக்கு அநியாயம் செய்துவிட்டோமே என்று மனசு உறுத்தும். ஆனால் என்ன செய்வது? அச்சில் ஏறிய எழுத்து ஏறியதுதான்.

வால்ட் டிஸ்னிக்கும் இந்தச் சங்கடம் இருந்தது. படம் முடிந்து விநியோகஸ்தர் கைக்குப் போய்விட்டால், அதில் பிடிக்காத இடத்தைக்கூடத் தொட முடியவில்லையே என்று அவர் குறைப்பட்டுக்கொண்டதுண்டு. செடியைப் போல வளர்க்கவும், வெட்டவும், வேறிடத்தில் நடவும் கூடிய ஒரு பொருள் அவருக்கு வேண்டியிருந்தது. தம் பெண் குழந்தைகளை லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு குடை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, பக்கத்து பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து களிக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் தமக்கு உதித்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

அந்த எண்ணந்தான் டிஸ்னிலாந்து ஆயிற்று. கலிபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில், 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கி, ஒரே வருஷத்தில், சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் அதைக் கட்டினார்கள். 1955 ஜூலை 17-ஆம் தேதி திறப்பு விழா. அன்று நடந்த கூத்துக்களைச் சொன்னால் நம் ஊர்க் கல்யாண வீடுகள் எவ்வளவோ தேவலை என்று தோன்றும். குழாய்த் தொழிலாளர் வேலை நிறுத்தத்தால் குடி தண்ணீர்க் குழாய்கள் போதவில்லை. அவசரமாகப் போட்ட தார், வெயிலில் இளகி, சீமாட்டிகளின் குதிகால் செருப்புகளைப் பிடித்துக்கொண்டது. கள்ள டிக்கெட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். இதோடு பூங்கா முடிந்துவிட்டதாக டிஸ்னி நினைக்கவில்லை. உலகத்தில் கற்பனை என்று ஒன்று மிச்சமிருக்கும் வரையில் இந்தப் பூங்கா கட்டி முடியாது என்பது அவருடைய கொள்கை.

பூங்காவின் சொந்தக்காரருக்கு இந்தக் கொள்கை இனிக்கும். ரசிகனுக்கு அப்படி இனிக்குமா என்பதுதான் கேள்வி. ரசிகன் என்பவன் யார்? ஒரு வயதில் ஒரு பொருளைப் பார்த்து மயங்கி, அது என்றைக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன். அவன் மனசுக்குள் பூங்கா என்றைக்கோ கட்டி முடிந்துவிட்டது. அதன் பிறகு அங்கே வைக்கிற ஒவ்வொரு கடப்பாரையும் அவன் நெஞ்சில் வைத்தது போலத்தான். டிஸ்னிலாந்தின் எழுபது வருஷ வரலாறு இந்த இரண்டு ஆசைகளுக்கும் நடந்த வழக்கின் வரலாறு. நானும் அந்த ரசிகர் கூட்டத்தைச் சேர்ந்தவன்; ஆகையால் தீர்ப்பில் கொஞ்சம் பட்சபாதம் தெரிந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், யார் மேலும் குற்றம் சொல்ல முடியாத மாறுதல்களைப் பார்ப்போம். பூங்காவின் ஒரு பகுதிக்கு ‘நாளைய உலகம்’ என்று பெயர். திறந்தபோது அது 1986-ஆம் வருஷத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. ஹாலியின் வால் நட்சத்திரம் திரும்பி வரவிருந்த வருஷம் அது. அங்கே சந்திரனுக்குப் போகும் ராக்கெட் ஒன்று இருந்தது. வட்டமான அரங்கில் ஜனங்கள் உட்காருவார்கள். தரையில் ஒரு திரை, கூரையில் ஒரு திரை. கீழே பூமி சிறுத்துக்கொண்டே போகும். மேலே சந்திரன் பெருத்துக்கொண்டே வரும். 1955-ல் அதைப் பார்த்தவர்களுக்கு மெய் சிலிர்த்திருக்கும். 1967-ல் அதைப் புதுப்பித்தார்கள். இரண்டே வருஷத்தில், 1969 ஜூலையில், ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் சந்திரனில் நிஜமாகவே இறங்கிவிட்டார்கள். வீட்டுக் கூடத்தில் டெலிவிஷனில் அதைப் பார்த்த பையனுக்கு இந்தப் பொய்ச் சந்திரன் எதற்கு? 1975-ல் அதே அரங்கைச் செவ்வாய்க் கிரக யாத்திரையாக மாற்றினார்கள். 1992-ல் அதையும் மூடினார்கள். 1998-ல் அந்தக் கட்டடம் பீட்ஸா விற்கும் உணவு விடுதியாயிற்று. சந்திரனுக்குக் கிளம்பியவர்கள் கடைசியில் சாப்பாட்டு மேஜையில் வந்து இறங்கினார்கள்!

பிளாஸ்டிக் வீட்டின் கதையும் இப்படித்தான். மான்சான்டோ கம்பெனியார் 1957-ல் அங்கே ‘எதிர்கால வீடு’ ஒன்றைக் கட்டினார்கள். நடுத் தூணிலிருந்து நான்கு இறக்கைகள் விரிந்தாற்போல் முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன வீடு. அப்போது வீட்டுச் சமையலறைகளில் அபூர்வமாக இருந்த மைக்ரோவேவ் அடுப்புக்கூட அதில் இருந்தது. பத்து வருஷத்தில் அது அலுத்துவிட்டது. 1967-ல் இடிக்கப் புறப்பட்டார்கள்; ஒரு நாள் வேலை என்று கணக்கு. இடிக்கிற இரும்புக் குண்டு பிளாஸ்டிக் சுவரில் மோதி, பந்து போலத் துள்ளித் திரும்பிற்று. ரம்பம் கொண்டு அறுத்துத் தீர்க்க இரண்டு வாரம் பிடித்தது. எதிர்காலத்தைக் கட்டுவதைவிட இடிப்பது கஷ்டம் என்று அன்று தெரிந்துகொண்டிருப்பார்கள்.

இவற்றுக்காக நான் கண்ணீர் விடமாட்டேன். நாளையைக் காட்டுகிறேன் என்று ஒருவர் கடை போட்டால், நாளை வந்து சேர்ந்த அன்று கடையைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் இருந்ததைக் கெடுத்துவிட்டு வேறொன்றும் உருப்படியாகச் செய்யாமல் விடுவது வேறு விஷயம். தலைக்கு மேலே உயரமான பாதையில் மெதுவாக ஊர்ந்து, ‘நாளைய உலகம்’ முழுவதையும் காட்டிவந்த ஒரு சின்ன ரயில் 1967 முதல் ஓடிற்று. கால் கடுத்தவர்களுக்கும் புதுத் தம்பதிகளுக்கும் அது ஒரு வரப்பிரசாதம். 1995-ல் அதை நிறுத்தினார்கள். 1998-ல் அதே பாதையில் அதிவேக வண்டிகளை விட்டார்கள். மெதுவாகப் போவதற்கென்று போட்ட வளைவுகளில் வேக வண்டி எப்படிப் போகும்? ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, மறுபடி கூட்டி, வண்டிகள் ஓயாமல் பழுதாயின. 2000-ல் அதுவும் நின்றது. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பாதை, வண்டியே இல்லாமல் ஜனங்களின் தலைக்கு மேலே வெறுமனே நின்றது. இது காலம் செய்த மாறுதல் அல்ல, அவசரம் செய்தது.

ரசிகர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1964-ல் நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்கென்று டிஸ்னியின் ஆட்கள் ஓர் இயந்திர ஆபிரகாம் லிங்கனைச் செய்தார்கள். நாற்காலியை விட்டு எழுந்து நின்று பிரசங்கம் செய்யும் பொம்மை. மறு வருஷம் அது டிஸ்னிலாந்துக்கும் வந்தது. 1973-ல் லிங்கனை அகற்றிவிட்டு, டிஸ்னியின் வாழ்க்கையைக் காட்டும் கண்காட்சியை வைத்தார்கள். ஜனங்கள் முணுமுணுத்தார்கள்; பிறகு உரக்கவே கேட்டார்கள். 1975-ல் லிங்கன் திரும்பி வந்தார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: 2025 ஜூலையில், பூங்காவின் எழுபதாவது வருஷத்தில், அதே அரங்கில் தோன்றிப் பேசியது ஓர் இயந்திர வால்ட் டிஸ்னி. எதையும் மாற்றலாம் என்றவரே மாறாத பொம்மையாகிவிட்டார்.

ஃபுளோரிடாவில் இருக்கும் சகோதரப் பூங்காவில் ரசிகர்கள் தோற்றார்கள். அங்கே தேரைத் துரை என்ற கதாபாத்திரத்தின் மோட்டார்ச் சவாரி 1971 முதல் இருந்தது. அதை எடுக்கப் போகிறார்கள் என்று 1997-ல் செய்தி பரவியதும், ரசிகர்கள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு கூடி, சத்தியாக்கிரகம் மாதிரி நடத்தினார்கள். பலன் இல்லை. 1998 செப்டம்பர் 7-ஆம் தேதி அது மூடியது. அடுத்த வருஷம் அங்கே வின்னி கரடிக்குட்டி குடியேறியது. புதிய சவாரியின் சுவரில், தேரைத் துரை வீட்டுப் பத்திரத்தை ஆந்தையாரிடம் ஒப்படைப்பது போல ஒரு படம் மாட்டியிருந்தார்கள். இடித்தவனுக்கும் கொஞ்சம் இதயம் இருந்திருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஆசைக்கும் லாபத்துக்கும் உள்ள தகராறு. இனிச் சொல்வது அப்படியல்ல.

1967-ல் திறந்த கடற்கொள்ளைக்காரர் சவாரியில் ஒரு காட்சி: கைகளைக் கட்டிய பெண்களைக் கொள்ளைக்காரர்கள் மனைவிகளாக ஏலம் போடுவார்கள். ஐம்பது வருஷம் ஜனங்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். 2018-ல் அதை மாற்றினார்கள். ஏலம் போன சிவப்புக் கூந்தல் பெண் தானே கொள்ளைக்காரியாகி, சரக்கை ஏலம் விடும் பக்கத்துக்கு வந்துவிட்டாள். பழைய ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள். அந்தக் கோபத்தை நான் அறிவேன். ஆனால் தன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்தப் படகில் போகும் தாயின் முகத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தால் கோபம் தணிந்துவிடும்.

இன்னும் ஆழமான வழக்கு ஸ்பிளாஷ் மலையினுடையது. 1946-ல் டிஸ்னி ‘தெற்கின் பாட்டு’ என்ற படம் எடுத்தார். ரீமஸ் மாமா என்ற கறுப்புக் கிழவர், வெள்ளைக்காரச் சிறுவனுக்கு முயலண்ணன் கதைகளைச் சொல்வதாக அமைந்த படம். தோட்ட வாழ்க்கையை அது வெகு இன்பமாகக் காட்டிற்று. அடிமைத்தனத்தின் வடு ஆறாத மண் என்பதே தெரியாதபடி காட்டிற்று. முதல் காட்சி அட்லாண்டா நகரில் நடந்தது. ரீமஸ் மாமாவாக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட் அதற்கு வரவில்லை. நிறப் பிரிவினை ஆட்சி செய்த அந்த ஊரில், அவர் நடித்த படத்தின் விழாவிலேயே அவருக்குச் சமமான இடம் கிடையாது. 1948-ல் அவருக்குக் கௌரவ ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள். அந்த வருஷமே அவர் காலமானார்.

படத்தைக் கம்பெனியார் 1986-க்குப் பிறகு அமெரிக்கத் தியேட்டர்களில் திரும்பத் திரையிடவில்லை. வெட்கப்பட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மூன்று வருஷம் கழித்து, 1989-ல், அதே படத்தின் முயலையும் நரியையும் கரடியையும் வைத்துக் கட்டிய சவாரிதான் ஸ்பிளாஷ் மலை. ரீமஸ் மாமாவை மட்டும் விட்டுவிட்டார்கள். பூங்காவில் நின்றுபோன வேறொரு காட்சியின் இயந்திர மிருகங்களையே பெரும்பாலும் கொண்டுவந்து நிரப்பினார்கள். மரக்கட்டை போன்ற படகு ஐம்பது அடிக்கு மேலான உயரத்திலிருந்து தண்ணீரில் விழும், குழந்தைகள் கூச்சலிடும். அந்தக் குழந்தைகளில் அநேகருக்கு அப்படி ஒரு படம் உண்டு என்பதே தெரியாது.

2020-ல் அமெரிக்கா முழுவதும் கறுப்பு மக்களுக்கு நீதி கேட்டுக் கிளர்ச்சி மூண்டபோது, இந்தச் சவாரியை மாற்ற வேண்டும் என்று ஒரு விண்ணப்பமும், மாற்றக் கூடாது என்று எதிர் விண்ணப்பமும் கிளம்பின. ஜூன் மாதத்தில் கம்பெனியார் மாற்றுவதாக அறிவித்தார்கள். அனஹைமில் 2023 மே மாத முடிவில் அது மூடியது. 2024 நவம்பரில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பு இளவரசி டியானாவின் பெயரால் அதே இடம் திறந்தது.

மாற்றியது நியாயமா? நியாயந்தான். ஒருவனுக்குப் பால்ய நினைவாக இருப்பது இன்னொருவனுக்கு முப்பாட்டன் காலத்துக் காயமாக இருக்குமானால், நினைவுதான் வழிவிட வேண்டும். நினைவுக்கு மனசுக்குள் இடம் உண்டு. காயத்துக்குப் போக இடம் கிடையாது.

ஆனாலும் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. முயலண்ணன் யார்? அவனை டிஸ்னி படைக்கவில்லை. 1880-களில் அந்தக் கதைகளைப் புத்தகமாகப் போட்ட ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸும் படைக்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட ஜனங்கள், ஜார்ஜியாவின் தோட்டங்களில் இரவு வேளையில் தங்கள் குழந்தைகளுக்குச் சொன்ன கதைகள் அவை. பலம் இல்லாத முயல், பலசாலியான நரியையும் கரடியையும் புத்தியால் ஜெயிக்கும். சவுக்கின் கீழ் வாழ்ந்தவர்கள் எதற்காக அந்தக் கதையைச் சொன்னார்கள் என்று விளக்க வேண்டுமா? அவர்களுடைய முயலை ஒருவர் எடுத்துப் புத்தகம் போட்டார். இன்னொருவர் படம் எடுத்தார். மூன்றாவது தலைமுறை அதைத் தண்ணீர்ச் சறுக்காக்கிற்று. நான்காவது தலைமுறை வெட்கப்பட்டு வெளியேற்றிற்று. ஒவ்வொரு தடவையும், கதையைச் சொன்னவர்களின் பெயர் மட்டும் வரவில்லை.

பூங்காவில் நடக்கிற மாறுதல்களை இப்படித்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எதை எடுத்தார்கள் என்பதோடு, அதை ஏன் வைத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்து நினைவு வைத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். கம்பெனிக்கு அந்த வேலை இல்லை. அது டிக்கெட் விற்க வந்தது. அந்த வேலை ரசிகனுடையது. பழைய டிக்கெட்டுகளையும் படங்களையும் பாட்டுகளையும் பாதுகாத்து வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் ஸ்பிளாஷ் மலை மூடியபோது, அந்தத் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விலை கூறியவர்கள்கூட உண்டு. தண்ணீரைச் சேர்த்து வைத்தது சரி. அதோடு, தமது படத்தின் விழாவுக்கு வர முடியாமல் போன ஜேம்ஸ் பாஸ்கெட்டின் பெயரையும், பெயர் தெரியாத அந்தக் கதை சொல்லிகளையும் சேர்த்து வைப்பதும் அவர்கள் கடமைதான்.