மீனோட காதுக்குள்ள ஒரு கல்: வயசு தப்பானதால அழிஞ்ச மீன் கூட்டத்தின் கதை

1/ அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழக்கம். போலீஸ் ஒருத்தரைக் கூட்டிட்டு வருவாங்க, "வயசு எத்தனைன்னு சொல்லுங்க டாக்டர்". பல், எலும்பு எக்ஸ்ரே எல்லாம் பார்த்துச் சொல்வோம். 17-ஆ 18-ஆ என்பதுல ஒருத்தரோட வாழ்க்கையே மாறிடும். இன்னைக்கு ஒரு மீனுக்கு வயசு பார்த்த கதை.

2/ மீன் பேரு ஆரஞ்சு ரஃபி. கடலில் 500 முதல் 1500 மீட்டர் ஆழத்தில் இருக்கும். 1970-களின் கடைசியில நியூசிலாந்தின் சாத்தம் ரைஸ் பகுதியில் இதைப் பெரிய அளவில் பிடிக்க ஆரம்பிச்சாங்க. முட்டையிடக் கடலடி மலைகளைச் சுத்திக் கூட்டமா வந்து நிக்கும். வலையை இழுத்தா டன் கணக்கில் வரும்.

3/ எவ்வளவு பிடிக்கலாம்? அதுக்கு, மீன் எவ்வளவு வேகமா வளருதுன்னு தெரியணும். வேகமா வளர்ந்தா, வருஷா வருஷம் வட்டியை மட்டும் எடுத்துக்கலாம். மெதுவா வளர்ந்தா, நாம எடுக்கிறது அசல்.

4/ வயசு எப்படிப் பார்க்கிறது? மீனோட காதுக்குள்ள சுண்ணாம்புக் கல் ஒண்ணு இருக்கு. (நமக்கும் குட்டிக் குட்டியா உண்டு. அது இடம் மாறினாத்தான் சிலருக்குத் தலை சுத்தும்.) மீன் வளர வளர, மரத்தின் வளையம் மாதிரி அந்தக் கல்லில் அடுக்கு சேரும்.

5/ ஆரம்பத்தில் சுமார் 30 வருஷம்தான் ஆயுள்னு எடுத்துக்கிட்டாங்க. ஆனா வயசான மீனில் கல் நீளமா வளராது, தடிமனாகும். வெளியில இருந்து எண்ணினா பல வளையம் கண்ணுக்கே தெரியாது. கல்லை மெல்லிசா அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தா வளையம் எக்கச்சக்கம்.

6/ சந்தேகம் வந்துச்சு. வெயில் போகாத ஆழத்தில், ஒரு வளையம்னா ஒரு வருஷம்தான்னு யார் சொன்னது? வளையத்தை நம்பாத இன்னொரு கடிகாரம் வேணும்.

7/ கடல்நீரில் உள்ள ரேடியம் கால்சியம் மாதிரியே கல்லுக்குள்ள போய் உட்காரும். அது சிதைஞ்சு கடைசியில ஈயம்-210 ஆகும். வருஷம் ஆக ஆக ரேடியத்தோடு ஒப்பிட்டா ஈயம் கூடும். 1991-ல் ஃபென்டன், ஷார்ட், ரிட்ஸ் மூவரும் ஆஸ்திரேலிய மீன்களில் இதை அளந்தாங்க. 38-40 செ.மீ. மீனுக்கு வயசு 77 முதல் 149! குட்டி போடுற பருவம், மன்னிக்கவும், முட்டையிடுற பருவம் வரவே சுமார் 32 வருஷம்.

8/ உடனே எல்லாரும் ஏத்துக்கல. சிதைவின் நடுவில் ரேடான் வாயு வெளியேறியிருந்தா கணக்கு தப்பாகுமேன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். 2009-ல் கல்லின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து வேற ஆய்வு நடந்துச்சு. நூறைத் தாண்டும் ஆயுள் உறுதியாச்சு.

9/ அதுக்குள்ள என்ன ஆச்சு? நியூசிலாந்து ஒரு பகுதியை 2000-ல் மூடினது. ஆஸ்திரேலியா 2006-ல் இந்த மீனை அழியும் ஆபத்துள்ளவை பட்டியலில் சேர்த்தது. 1985-ல் வலையில் ஏறிய மீன்களில் முதல் உலகப் போருக்கு முன்னாடி பொறந்தது எத்தனையோ! அதுங்க இடத்தை நிரப்ப, இன்னொரு தலைமுறைக்கு முப்பது வருஷம் காத்திருக்கணும்.

10/ டாக்டரா ஒண்ணு சொல்றேன். நீண்ட காலம் வாழும் மீனில் பாதரசமும் சேரும். அமெரிக்க எஃப்டிஏ கர்ப்பிணிகள் தவிர்க்கச் சொல்லும் மீன்களில் ஆரஞ்சு ரஃபியும் உண்டு. வயசு கேட்காம மருந்து அளவு எழுத மாட்டோம் இல்லையா? கடலுக்கும் அதே விதிதான்.