கலக்கினா சிதறுமா, சேருமா?

காபியில சர்க்கரை போட்டுக் கலக்கினா டம்ளர் முழுக்கப் பரவிடும். இதுல என்ன அதிசயம்? ஆனா அந்தச் சர்க்கரைத் துகளுக்கு நீந்தத் தெரிஞ்சிருந்தா? இங்கே மேல்படிப்புக்கு வந்தபிறகு நான் படிச்சதிலேயே ரொம்பப் பிடிச்ச கதை இது.

கொந்தளிக்கும் ஓட்டத்தில் துகள்கள் எப்படிப் பரவும்னு 1921-ல் கணக்குப் போட்டவர் ஜி.ஐ. டெய்லர். அதே மனுஷர் 1951-ல், நுண்ணுயிர்கள் எப்படி நீந்துதுன்னும் ஒரு கட்டுரை எழுதினார். ஆனா இரண்டும் தனித்தனிக் கதைகளாவே இருந்தது.

1977-ல் எட்வர்ட் பர்செல் ஒரு முக்கியமான விஷயத்தைப் புரிய வச்சார். நீந்துற பாக்டீரியா சட்டுன்னு நிறுத்தினா, ஓர் அணுவின் அகலம்கூட வழுக்கிப் போகாம அங்கேயே நின்னுடும். அந்த உலகத்தில் 'வந்த வேகம்' என்பதே கிடையாது. இந்த நொடி தலை எந்தப் பக்கமோ, நீச்சலும் அந்தப் பக்கம்தான்.

அப்போ தலையைத் திருப்பினா ஆளையே திருப்பிடலாம் இல்லையா? ஜான் கெஸ்லர் 1985-ல் இதைக் குழாயில் காட்டினார். அவர் எடுத்துக்கிட்ட பாசி செல்களுக்கு அடிப்பக்கம் கனம். நம்ம தஞ்சாவூர் பொம்மை மாதிரி, சாய்ச்சாலும் நிமிர்ந்து மேல்நோக்கி நீந்தும். குழாயில் தண்ணீர் கீழ்நோக்கி ஓடும்போது நடுவில் வேகம், ஓரத்தில் மெதுவு. அந்த வித்தியாசம் செல்லை நடுப்பக்கம் சாய்க்குது. விளைவு? எல்லாம் குழாய் நடுவில் கோடு கட்டி நிக்குது! ஓட்டத்தை மேல்நோக்கித் திருப்பினா சுவர்ப்பக்கம் ஒதுங்கிடும்.

சரி, கடல் குழாய் இல்லையே, அங்கே ஒரே சுழலாச்சேன்னு கேப்பீங்க. 2013-ல் வில்லியம் டர்ஹம், ரோமன் ஸ்டாக்கர் குழுவினர் அதையும் பார்த்தாங்க. ஆய்வகச் சுழலிலும் கணினிக் கணக்கிலும் நீந்துற செல்கள் கீழிறங்கும் ஓட்டங்களில் கும்பல் கும்பலாச் சேர்ந்தது. சில இடங்களில் அடர்த்தி பத்து மடங்குக்கும் மேல். நீந்தாதவை சீராவே பரவிக் கிடக்கும்.

அவங்க பயன்படுத்தின ஹெட்டரோசிக்மா என்ற பாசி, பெருகிப்போனா பண்ணை மீன்களைக் கொத்துக்கொத்தாச் சாகடிக்கிற ஜாதி. கும்பல் கூடினா ஒரு செல் இன்னொரு செல்லைச் சந்திப்பது சுலபம். அதைத் தின்ன வர்றவனுக்கும் சாப்பாடு சுலபம். அதனால கடல்தண்ணியை அங்கங்கே மொண்டு சராசரி போட்டா மட்டும் போதாது. ஒரு லிட்டருக்கு எத்தனைன்னு தெரிஞ்சாலும், அந்த லிட்டருக்குள்ளே யார் யார் பக்கத்தில் இருக்காங்கன்னு அந்த எண் சொல்லாது.

அடுத்த தடவை காபி ஆத்தும்போது யோசிச்சுப் பாருங்க மக்கா :-)