முன்பாரம், பின்பாரம்: கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு கொளுக்கியின் வரலாறு

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏ1 வீதி ஏறக்குறைய 116 கிலோமீற்றர். மாவனல்லையைத் தாண்டி கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கியதும் எந்தச் சாரதியும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். முன்னால் 40 அடி கொண்டெய்னர் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தால் பின்னால் வாகனங்கள் வரிசை கட்டிவிடும். அந்த வரிசையில் பஸ்ஸுக்குள் இருந்து நாமும் சலித்துக்கொண்டிருப்போம். ஆனா, அந்தக் கொண்டெய்னர் ஏன் வாலை ஆட்டாமல் ஏறுது, இறங்குது என்று நாம் யோசித்ததில்லை. ஒன்றின் பின்னால் இன்னொன்றை எங்கே பூட்டுவது என்ற கேள்வி இந்த மலைக்குப் பழையது.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. மலைக்குள் படையும் பண்டமும் போகணும் என்றால் வீதி வேணும். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், இந்த வீதி வெட்டப்பட்டது. இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் பிடிக்கப்பட்ட மக்களின் உழைப்பும் அதில் கிடக்கிறது. வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் பெயரில் கட்டிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது.

வீதி வந்ததும் கோப்பி வந்தது. தோட்டங்களின் கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளில் கொழும்புக்கு இறங்கின. இரண்டு சக்கரம், ஒரே அச்சு. இந்த மாதிரி வண்டியில் மூட்டை அடுக்குவது லேசான வேலை கிடையாது. அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். இதுதான் முன்பாரம். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இது பின்பாரம். அதனால் கொஞ்சம் முன்பாரம் இருக்கும்படி அடுக்குவார்கள். ஏறும்போது பாரம் பின்னால் சாயும், இறங்கும்போது முன்னால் சாயும். மலை வீதியில் இதையும் சேர்த்துக் கணக்குப் போடணும்.

இன்றைக்கு ஒற்றை அச்சுப் பெட்டி இழுப்பவர்களுக்குச் சொல்லும் முதல் பாடமும் இதேதான். கார், ஜீப்பின் பின்னால் பூட்டும் பெட்டியென்றால் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொளுக்கியில் இறங்கணும் என்பது பொது விதி. பின்பாரமான பெட்டி வேகம் கூடக் கூட இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்த ஆட்டம் தானாகவே பெருகி, இழுக்கிற வாகனத்தையும் சுழற்றிவிடும்.

1867இல் ரயில் கண்டியை எட்டியது. கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும் அதே வருடம்தான். ரம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில் பாதை ஏறக்குறைய 45க்கு 1 என்ற சாய்வில் ஏறுகிறது. அதாவது 45 அடி போனால் ஓர் அடி உயரம். ரயிலில் தண்டவாளம் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனாலும் பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் தளர்வு இருந்தால் இடிபடும், ஆடும். அதனால்தான் நடுவில் உள்ள கொளுக்கியைத் திருகி இறுக்கி, இரண்டு பக்கமும் உள்ள பஃபர்கள் ஒன்றோடொன்று அழுந்தும்படி வைப்பார்கள். மலை ரயில்களில் பின்னால் இன்னொரு எஞ்சினை விட்டுத் தள்ளுவதும் உண்டு. முன் கொளுக்கியின் சுமை அதனால் குறையும், கொளுக்கி அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தில் உருண்டு ஓடாது.

வீதிக்கு அந்தத் தண்டவாள வசதி இல்லை. அங்கே விடை கொளுக்கியின் இடத்தில் இருக்கிறது. ஜீப்பின் பின் பம்பருக்குக் கீழே உருண்டைக் கொளுக்கி வைத்தால், அது பின் அச்சிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி நிற்கும். பெட்டி பக்கவாட்டில் தள்ளும்போது அந்த நீளம் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். ஆட்டத்தைக் குறைக்க உராய்வுத் தண்டு, எடையை முன் சக்கரத்துக்கும் பகிரும் கம்பிகள் என்று பல உபாயம் உண்டு. கொண்டெய்னர் இழுக்கும் பிரைம் மூவரில் பூட்டு பின் அச்சுகளுக்கு மேலேயே, அல்லது சற்று முன்னால் இருக்கிறது. அந்த வட்டத் தட்டுக்கு ‘ஐந்தாம் சக்கரம்’ என்று பெயர். குதிரை வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கையாக வைத்த வளையத்திலிருந்து வந்த பெயர் அது. நெம்புகோல் நீளமே இல்லாததால் பெட்டியால் வாகனத்தின் பின்பக்கத்தைத் தள்ளிச் சுழற்றுவது கடினம். தூரப் பயணத்துக்குப் பாரம் இழுப்பவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி நம்ம தோட்டத்து வீதிக்கு வருவோம். இங்கே ஓடுவது டிராக்டர் பெட்டியும் லேண்ட் மாஸ்டரும். ஒரு பின்னைச் செருகிப் பூட்டுகிற சாதாரணக் கொளுக்கிதான். வேகம் குறைவு என்பதால் சமதரையில் அது போதும். இறக்கத்தில் கதை மாறும். அதுவரை இழுபட்ட பெட்டி இப்போ தள்ளத் தொடங்கும். லேண்ட் மாஸ்டரில் இடப்பக்கம் திரும்ப இடக் கிளச்சைப் பிடிப்போம். செங்குத்தான இறக்கத்தில் அப்படிப் பிடித்தால் எஞ்சினின் பிடி விட்டுப்போன இடச் சக்கரம் வேகமாக உருளும், வண்டி வலப்பக்கம் போகும். பழகிய சாரதிக்கு இது தெரியும். புதுசாகக் கையில் எடுத்தவருக்கு வளைவில்தான் தெரியவரும்.

அந்தப் பெட்டிகளில் கொழுந்து மட்டும் போவதில்லை, ஆட்களும் போகிறார்கள். மூட்டையை அடுக்கினால் அடுக்கின இடத்தில் இருக்கும். மனிதர்கள் வளைவில் சாய்வார்கள், இடமில்லாமல் பின் கதவோரம் நெருங்கி நிற்பார்கள். வண்டிக்காரர் பயந்த பின்பாரம் அதுவேதான், இப்போ உயிரோடு.

கோப்பிக் காலத்தில் மூட்டைக்கு வண்டி இருந்தது. அதே தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் பலர். பண்டத்துக்குப் போட்ட கணக்கை அன்று ஆட்களுக்குப் போடவில்லை. தொழிலாளர்களைப் பெட்டியில் ஏற்றி அனுப்புகிறவரை அதே கணக்கை இன்று கேட்க நமக்கு உரிமை உண்டு: இது ஆட்களுக்குச் செய்த வண்டியா, பெட்டிக்குத் தனி பிரேக் இருக்கா, கொளுக்கிப் பின்னுக்குப் பூட்டுக் கம்பி போட்டிருக்கா, பாதுகாப்புச் சங்கிலி எங்கே? முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், மற்ற மூன்றுக்கும் ‘ஆம்’ என்றாலும் யாரும் அதில் ஏறக்கூடாது.