கான்சாகிப்: பட்டாளமும் குடும்பமும்

மருதநாயகம்னா நமக்கெல்லாம் கமல் 1997-ல் பூஜை போட்டு நின்னுபோன படம்தான் ஞாபகம் வரும். நிஜ ஆள் பேரு யூசுப் கான். ராமநாதபுரம் சீமை, பனையூர்க்காரர். மதம் மாறி, கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்து, சிப்பாய்களுக்கெல்லாம் தலைவரானார்.

அவரோட பெரிய பலம் வாள்வீச்சு இல்லைங்க, சாப்பாட்டு வண்டி! 1752-54 திருச்சி முற்றுகையில், எதிரியைத் தாண்டி லாரன்ஸ் படைக்குத் தானியம் கொண்டுவந்து சேர்த்தார். தங்கப் பதக்கம் கிடைச்சது. 1758-59-ல் பிரெஞ்சுக்காரங்க சென்னையை முற்றுகையிட்டப்போ, வெளியே இருந்து அவங்களுக்கு வர்ற சாமானை மறிச்சார்.

1759-ல் மதுரை அவர் கைக்கு வந்தது. வரிப்பணத்தை யாருக்குக் கட்டறதுன்னு ஆற்காட்டு நவாப் முகமது அலியோட தகராறு. கும்பினி நவாப் பக்கம் சாஞ்சிடுச்சு.

1764 ஜூனில் கோட்டையை நேரடியா தாக்கிப் பார்த்துத் தோத்தாங்க. அப்புறம் எடுத்த ஆயுதம் பசி. அவர்கிட்டயே பாத்துப் பழகின வித்தை! உள்ளே மனைவி மாசா, ரெண்டு மூணு வயசுப் பையன். பட்டினி தாங்காம அக்டோபர் 13-ல் கூட இருந்தவங்களே பிடிச்சுக் கொடுத்தாங்க. 15-ஆம் தேதி நவாப் தூக்கில் போட்டார்.

பதக்கம் கொடுத்த கும்பினி தடுக்கலை.

மதுரை போனா சம்மட்டிபுரத்தில் இருக்கற அவர் தர்காவை எட்டிப் பாருங்க. எனக்கென்னவோ அந்தச் சின்னப் பையன்தான் மனசை விட்டுப் போகமாட்டேங்கறான்.