வடிகட்டிய நீரும் வடிபடாத நஞ்சும்

வங்கத்துக் குடிநீரின் வரலாறு குளத்தில் தொடங்கிக் குழாய்க் கிணற்றில் வந்து நிற்கிறது. கொல்கத்தாவில் நாற்பது ஆண்டுகளாக வாணிபம் செய்துவரும் நான், ஓய்வுநேரங்களில் படித்தறிந்தவற்றை நம் சங்கத்துக் குடும்பங்களுக்காகச் சுருக்கித் தருகிறேன்.

1884-ல் ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இந்நகரத்துக் குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். தமிழ்ச் சமணர்களாகிய நாங்கள் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். துணியில் தங்கும் சிற்றுயிர்களை எடுத்த நீரிலேயே விட்டுவிடுவோம். அகிம்சைக்காக வந்த வழக்கம் இது. நோயையும் இது தடுக்கும். பழைய புடவையைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டிய வங்கதேசக் கிராமங்களில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என 2003-ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

கிருமிக்கு அஞ்சித்தான் மக்கள் குளத்தை விட்டு டியூப்வெல்லுக்கு மாறினார்கள். ஆனால் 1983-ல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாகா புதுவகை நோயாளிகளைக் கண்டார். உள்ளங்கையிலும் பாதத்திலும் காய்ப்பு. உடம்பில் மழைத்துளி தெறித்தாற்போலப் புள்ளிகள். காரணம், கிணற்று நீரில் கரைந்திருந்த ஆர்சனிக். சித்த வைத்தியர்கள் பாஷாணம் என்பார்களே, அந்த இனம்! எவரும் கலந்ததன்று. ஆறுகள் சேர்த்த வண்டலில் இரும்போடு ஒட்டியிருந்தது, காற்றுப்படாத ஆழத்தில் பிரிந்து நீரில் கலந்துவிட்டது.

இந்நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. துணியில் நிற்காது. காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும், நஞ்சு மிஞ்சும். முன்னோர் வழக்கம் உயிருள்ளதைத்தான் தடுக்கும். கரைந்ததைத் தடுக்காது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கொல்கத்தாவின் தென்பகுதி நிலத்தடி நீரிலும் ஆர்சனிக் இருப்பதை யாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். நாமோ, "நம்ம பில்டிங் தண்ணிதானே, பளிங்கு மாதிரி இருக்கே" என்று இருந்துவிடுகிறோம். தனியார் கிணற்றுக்குக் காவல், அதன் சொந்தக்காரர்தான். லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரை பொறுத்துக்கொண்ட அளவை, 1993-ல் உலக சுகாதார நிறுவனம் 10 ஆகக் குறைத்தது. உங்கள் கிணற்றில் எவ்வளவு என்று குடியிருப்போர் கூட்டத்தில் கேளுங்கள். ஆர்சனிக்குச் சோதனையோடு, மழைக்காலம் முடிந்ததும் கிருமிச் சோதனையும் செய்யுங்கள்.

கடைத் தராசுக்குத் தவறாமல் முத்திரை வைத்து வாங்குகிறோம். பிள்ளைகள் குடிக்கும் தண்ணீருக்கு அந்த அக்கறை வேண்டாமா?